நார்த்லாண்டு: நகருக்கு வெளியே நட்ட நகர்நடுவம்

ஓர் ஊரின் அங்காடி எங்கே அமைந்திருக்கிறது என்று பார்த்தால், அவ்வூர் மக்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம். காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிச் சிலப்பதிகாரம் தரும் செய்தி ஒன்று ஈண்டு நினைக்கத் தக்கது. அந்நகர் இரு பாக்கங்களாக இருந்தது. கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் சிறுவணிகரும் கைவினைஞரும் உழைப்பாளரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரசனும் உயர்நிலை மாந்தரும் வாழ்ந்தனர். நாளங்காடி இவ்விரண்டிற்கும் இடையே, மரங்கள் அடர்ந்த சோலையில் கூடிற்று. இரு பாக்கத்தாரும் அங்கே வந்தே ஆக வேண்டும். ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தே ஆக வேண்டும். அங்காடி அந்நகரை இணைத்த முடிச்சாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க நாட்டில் இதற்கு நேர்மாறான ஓர் அங்காடி முறை தோன்றியது. நகரின் இரு பாக்கங்களுக்கு இடையே அன்று, நகரின் எல்லைக்கு அப்பால், சுற்றிலும் கார்கள் நிற்கும் திடலுக்கு நடுவே அது எழுந்தது. அம்முறையின் பிறப்பையும் வளர்ச்சியையும் முடிவையும் ஒரே இடத்தில் வைத்துக் காண விழைவோர்க்கு, மிச்சிகன் மாநிலத்து டிட்ராய்ட் நகரை ஒட்டிய நார்த்லாண்டு வணிக வளாகத்தின் வரலாறு மிகப் பொருத்தமானது. 1954இல் திறக்கப்பெற்று 2015இல் மூடப்பட்ட அவ்வளாகத்தின் வாழ்நாள் அறுபத்தோர் ஆண்டுகள். ஒரு மனிதனின் பணி ஓய்வுக்குரிய வயது என்றே சொல்லலாம்.

டிட்ராய்ட் நகரும் ஹட்சன் கடையும்

1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி டிட்ராய்ட் நகரில் 18,49,568 பேர் வாழ்ந்தனர். கார் உற்பத்தியின் தலைநகரம் அது. அதன் நடுவே உட்வர்டு நெடுந்தெருவில் ஹட்சன் பல்பொருள் அங்காடி வானளாவி நின்றது. 1881இல் ஜோசப் ஹட்சன் என்பவர் தொடங்கிய கடை, எழுபது ஆண்டுகளில் ஒரு தெருக்கட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு வளர்ந்திருந்தது. நகரின் டிராம் வண்டிகள் மக்களை அதன் வாயிலுக்கே கொண்டுவந்து சேர்த்தன. ஊசியிலிருந்து கட்டில் வரை அங்கே வாங்கலாம். அந்நகரத்தார்க்கு ஹட்சனுக்குப் போவது என்றாலே ஊருக்குள் போவது என்றுதான் பொருள்.

ஆயினும் ஊருக்குள் வாழ்ந்தோர் ஊருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தனர். இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, அந்நகரமே உற்பத்தி செய்த கார். சம்பளக்காரன் ஒவ்வொருவனும் கார் வாங்கும் நிலைக்கு வந்தபின், வேலைக்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட தொலைவு ஒரு பொருட்டாக இல்லை. இரண்டாவது, 1934 முதல் அமெரிக்க நடுவண் அரசு வீட்டுக் கடன்களுக்கு அளித்துவந்த காப்புறுதி. புறநகரில் புது வீடு வாங்குவோர்க்கு அது எளிதாகக் கிடைத்தது. மூன்றாவது காரணம் வெளிப்படையாகப் பேசப்படாதது, ஆனால் மற்ற இரண்டினும் ஆழமானது. அக்காப்புறுதி வெள்ளையர் வாழும் பகுதிகளுக்கே தாராளமாக வழங்கப்பட்டது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள் இடர் மிக்கவை என்று வரைபடங்களில் குறிக்கப்பட்டன.

இதற்குக் கல்லால் எழுதிய சான்று ஒன்று இன்றும் அந்நகரில் உள்ளது. டிட்ராய்டின் வட எல்லையாக ஓடுவது எட்டாம் மைல் சாலை. அதனருகே கறுப்பின மக்களின் குடியிருப்பு ஒன்றை அடுத்து வெள்ளையர்க்கு வீடுகள் கட்ட முனைந்தார் ஒரு கட்டுமானக்காரர். இரு குடியிருப்புகளுக்கும் இடையில்லாத நிலையில் அவருக்குக் கடன் உறுதி கிடைக்கவில்லை. 1941இல் அவர் இடையே ஆறடி உயரத்தில், ஏறத்தாழ அரை மைல் நீளத்தில் ஒரு சுவர் எழுப்பினார், உறுதி கிடைத்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் இரு பாக்கங்களுக்கு இடையே அங்காடி இருந்தது. டிட்ராய்டில் இரு பாக்கங்களுக்கு இடையே சுவர் இருந்தது. பின்னர் எழுந்த அங்காடி, எட்டாம் மைல் சாலைக்கு அப்பால், நகர எல்லைக்கு வெளியே எழுந்தது.

வியன்னாவிலிருந்து வந்த கட்டடக் கலைஞர்

அந்த அங்காடியை வரைந்தவர் கார்களை விரும்பியவரல்லர் என்பது இவ்வரலாற்றின் முதல் முரண். விக்டர் குரூயன் 1903இல் ஆஸ்திரிய நாட்டின் வியன்னா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கட்டடக் கலை பயின்றவர். ஓய்வுப் பொழுதில் அரசியல் நையாண்டி நாடகங்களில் நடித்தவர். 1938இல் இட்லரின் படைகள் வியன்னாவுக்குள் நுழைந்தபின் நாட்டை விட்டு வெளியேறி நியூயார்க் வந்து சேர்ந்தார். கையிலிருந்த பணம் எட்டு டாலர் என்று அவரே பின்னாளில் சொல்லிக்கொண்டதுண்டு. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் சிறு கடைகளுக்கு முகப்பு வடிவமைத்துப் பெயர் பெற்றார்.

புலம்பெயர்ந்தவர் எவரும் பிறந்த ஊரை நெஞ்சில் சுமந்தே திரிவர். குரூயன் சுமந்தது வியன்னாவின் நடுநகரத்தை: நடந்து செல்லும் தெருக்கள், காப்பிக் கடைகள், சதுக்கங்கள், வேலையின்றியும் நின்று பேசும் மனிதர்கள். அமெரிக்கப் புறநகர்களில் அவர் கண்டதோ நெடுஞ்சாலையின் இருபுறமும் வரிசையாக நின்ற கடைகள், விளம்பரப் பலகைகள், கார்கள். அங்கு வீடுகள் இருந்தன, ஊர் இல்லை. கணவன் வேலைக்குப் போனபின் நாள் முழுதும் தனித்திருக்கும் பெண்ணுக்குப் போய் அமர ஓர் இடம் இல்லை. இக்குறையைத் தீர்க்கும் மருந்தாகவே அவர் வணிக வளாகத்தைக் கருதினார்.

ஹட்சன் நிறுவனத் தலைவர் ஆஸ்கர் வெபரை அவர் அணுகியபோது, நடுநகரை விட்டு வெளியே கிளை திறக்கும் எண்ணமே அந்நிறுவனத்திற்கு இல்லை. மக்கள் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் போகாவிட்டால் வேறு கடைக்காரர் போவார், போவதானால் ஒழுங்காகத் திட்டமிட்டுப் போங்கள் என்பது குரூயன் வைத்த வாதம். டிட்ராய்டைச் சுற்றித் திசைக்கொன்றாக வளாகங்கள் அமைக்கும் திட்டம் இவ்வாறு உருவாயிற்று. கிழக்கே அமைவதற்குரிய ஈஸ்ட்லாண்டு முதலில் அறிவிக்கப்பட்டது. கொரியப் போரால் அது தள்ளிப்போக, வடக்கே அமைந்த நார்த்லாண்டு முந்திக்கொண்டது.

திறப்பு விழா

1954 மார்ச் 22ஆம் நாள் நார்த்லாண்டு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 3 கோடி டாலர் செலவில் எழுந்த அது, உலகிலேயே மிகப் பெரிய வணிக வளாகம் என்று அன்று பேசப்பட்டது. நடுவில் நான்கு மாடிகள் கொண்ட ஹட்சன் கிளை. அதனைச் சூழ்ந்து தாழ்வான கட்டடங்களில் ஏறக்குறைய நூறு கடைகள். இன்றைய வளாகங்கள்போல் அது முழுவதும் மூடப்பட்டதன்று. கட்டடங்களுக்கு இடையே திறந்த முற்றங்களும், மழைக்கு ஒதுங்கத் தூண்வரிசைத் தாழ்வாரங்களும், மலர்ப்பாத்திகளும், நீரூற்றுகளும் இருந்தன. சரக்கு லாரிகள் மக்கள் கண்ணில் படாமல் நிலத்தடிச் சுரங்கவழியே வந்துபோயின. கார்கள் வெளித்திடலோடு நின்றுவிட வேண்டும். உள்ளே நடப்பவர்க்கே இடம்.

சிற்பங்களையும் குரூயன் மறக்கவில்லை. மார்ஷல் பிரெடரிக்ஸ் என்ற சிற்பி செதுக்கிய பெருங்கரடி ஒன்று முற்றத்தில் அமர்ந்திருந்தது. அதன்மீது பொன்னிறச் சிறுவன் ஒருவன் சாய்ந்திருப்பான். தலைமுறை தலைமுறையாக அப்பகுதிக் குழந்தைகள் ஏறி விளையாடிய கரடி அது. பொருள் வாங்காதவரும் வந்து அமரலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான அழைப்பு வேறில்லை.

குரூயனின் கனவு அத்துடன் நிற்கவில்லை. வளாகத்தைச் சூழ வீடுகளும் அலுவலகங்களும் மருத்துவமனைகளும் பூங்காக்களும் ஒரே திட்டத்தின்படி அமைய வேண்டும். காலப்போக்கில் அது முழுமையான ஓர் ஊராக வேண்டும். கடை அவருக்கு வித்து, ஊரே விளைச்சல். ஆனால் வித்துக்குப் பணம் போட்டவர்கள் கடையின் வருமானத்தை மட்டும் கணக்கிட்டார்கள். வளாகம் அமைந்தவுடன் சுற்றியிருந்த நிலத்தின் விலை ஏறியது. அலுவலகக் கட்டடங்களும் குடியிருப்புகளும் பின்னர் வந்தன; ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து செல்லும்படியான ஊராக அவை இணையவில்லை. நடுவே கார்த்திடல் தரிசுக் கடலாகக் கிடந்தது.

பெருக்கமும் அதன் விசைகளும்

1956 அக்டோபர் 8ஆம் நாள், மின்னசோட்டா மாநிலத்து ஈடைனா என்னும் புறநகரில் குரூயன் வடிவமைத்த சவுத்டேல் திறக்கப்பட்டது. கடும்பனிப் பகுதியாதலால் கடைகள் அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் கொணர்ந்து, ஆண்டு முழுவதும் ஒரே இதமான வெப்பநிலை நிலவச் செய்தார். இதுவே பின்வந்த வளாகங்களுக்கெல்லாம் வார்ப்பாயிற்று. உலகின் எந்த மூலையிலும் இன்று நாம் காணும் குளிரூட்டிய வளாகம் சவுத்டேலின் வழித்தோன்றலே.

இவ்வளாகங்கள் காளான்போல் பெருகியதற்கு மக்களின் விருப்பம் ஒன்றே காரணம் என்று நினைப்பது தவறு. நார்த்லாண்டு திறந்த அதே 1954இல் அமெரிக்க வருமான வரிச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. புதிய கட்டடம் கட்டுவோர் அதன் தேய்மானத்தை முதற்சில ஆண்டுகளிலேயே பெருமளவு கழித்துக்கொள்ள அச்சட்டம் இடந்தந்தது. உண்மையில் வாடகை வந்துகொண்டிருக்கும். கணக்கேட்டில் நட்டம் தோன்றும். அந்த நட்டத்தைக் காட்டி வேறு வருமானத்திற்குரிய வரியையும் குறைத்துக்கொள்ளலாம். பழைய கட்டடத்தைப் பழுது பார்ப்பதைவிடப் புதிய கட்டடம் எழுப்புவதே ஆதாயம் என்ற நிலை உண்டாயிற்று. தேவை இருக்கும் இடத்தில் அங்காடி என்பது போய், வரி மிச்சப்படும் இடத்தில் அங்காடி என்றாயிற்று.

1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. 41,000 மைல் நீள விரைவுச்சாலைகள் அமைக்கவும், செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை நடுவண் அரசே ஏற்கவும் அது வழிசெய்தது. அதே ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் உட்வர்டு தெருவில் டிட்ராய்டின் கடைசி டிராம் ஓடி நின்றது. வண்டிகள் மெக்சிகோ நகருக்கு விற்கப்பட்டன. ஹட்சனின் வாயிலுக்கு மக்களைக் கொண்டுவந்த தண்டவாளம் அற்றுப்போயிற்று. மக்களை நகருக்கு வெளியே கொண்டுசெல்லும் சாலை அகன்றது.

விரைவுச்சாலைகள் சென்ற வழியில் இருந்தவற்றின் கதை தனி. டிட்ராய்டில் கறுப்பின மக்களின் வணிகத் தெருவாக விளங்கியது ஹேஸ்டிங்ஸ் தெரு. தையற்கடை, மருந்துக்கடை, உணவுவிடுதி, இசைக்கூடம் எல்லாம் அவர்தம் உழைப்பால் எழுந்தவை. வேறெங்கும் கடைவைக்க இடம் கிடைக்காதோர் தாமே உண்டாக்கிய நடுவம் அது. 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் விரைவுச்சாலைக்காக அத்தெரு இடிக்கப்பட்டது. ஊரில்லாத இடத்தில் ஊர்நடுவம் ஒன்றைப் பெரும்பொருட் செலவில் உண்டாக்கிய அதே தலைமுறை, ஊரின் நடுவே தானாக வளர்ந்திருந்த அங்காடித் தெருவைப் புல்டோசரால் தள்ளியது. இந்த இரு செயல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி நார்த்லாண்டின் வரலாறு விளங்காது.

நடுநகரின் வீழ்ச்சி

திசைக்கொரு வளாகம் என்ற திட்டம் நிறைவேறியது. 1957இல் ஈஸ்ட்லாண்டு, 1965இல் வெஸ்ட்லாண்டு, 1970இல் சவுத்லாண்டு என நான்கு திசையும் நிரம்பின. உட்வர்டு தெருத் தாய்க்கடையின் விற்பனையோ 1950களின் முற்பகுதியில் உச்சத்தைத் தொட்டபின் இறங்குமுகமாயிற்று. 1967 சூலையில் டிட்ராய்டில் மூண்ட கலவரத்தில் 43 பேர் மாண்டனர். அதன்பின் வெளியேற்றம் வெள்ளமாயிற்று. 1969இல் ஹட்சன் நிறுவனம் மின்னியாபொலிஸின் டேட்டன் நிறுவனத்தோடு இணைந்தது. டிட்ராய்டுக் கடையின் தலைவிதியை முடிவு செய்யும் மேசை டிட்ராய்டை விட்டு வெளியூர் சென்றது.

1983 சனவரி 17ஆம் நாள் தாய்க்கடை மூடப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் வெற்றுக் கூடாய் நின்ற அக்கட்டடம், 1998 அக்டோபர் 24ஆம் நாள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. சில நொடிகளில் நூறாண்டு வணிகம் புழுதியாய் எழுந்து தெருக்களை மூடிற்று. கிளைகள் தாய்மரத்தை உண்டு வளர்ந்த கதையின் முதற்பாகம் இத்துடன் முடிகிறது. இரண்டாம் பாகத்தில் கிளைகளின் முறை வருகிறது.

நார்த்லாண்டின் இறங்குகாலம்

நார்த்லாண்டு அமைந்த பகுதி 1958இல் சவுத்ஃபீல்டு என்ற தனி நகராயிற்று. 1970இல் அங்கு வாழ்ந்தோர் 69,285 பேர். அவருள் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். பின்னர், டிட்ராய்டிலிருந்து கறுப்பின நடுத்தரக் குடும்பங்கள் எட்டாம் மைல் சாலையைக் கடந்து வந்து குடியேறின. ஆசிரியர்கள், அலுவலர்கள், கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எனப் பலரும் வந்தனர். இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்தபோது அந்நகரில் அவர்களே பெரும்பான்மையினர். நார்த்லாண்டும் அவர்களுடைய அங்காடியாயிற்று. பள்ளித் தொடக்கத்திற்குச் சட்டை வாங்கவும், திருமணத்திற்கு நகை பார்க்கவும், விடுமுறை நாளில் இளைஞர் கூடவும் அதுவே இடமாயிற்று. குரூயன் கனவு கண்ட ஊர்நடுவம், அவர் திட்டத்தில் இடம் பெறாத மக்களால் ஓரளவேனும் மெய்யாயிற்று எனலாம்.

இதற்கிடையே 1970களின் நடுவில் முற்றங்களின்மேல் கூரை போடப்பட்டது. திறந்த வெளியில் மலர்ப்பாத்தி பார்த்து நடந்த இடம் மூடிய கூடமாக மாறியது. மூடிய வளாகங்களோடு போட்டியிட வேறு வழியில்லை என்பது உரிமையாளர் கணக்கு. ஆனால் போட்டி ஓயவில்லை. 1976இல் டியர்பார்னில் பேர்லேன் வளாகம் திறந்தது. 1977இல் நோவையில் டுவெல்வ் ஓக்ஸ் திறந்தது. 1996இல் டிராய் நகரில் சாமர்செட் வளாகம் பேரளவில் விரிந்தது. இவை அனைத்திலும் ஹட்சன் கடை இருந்தது. நடுநகரிடமிருந்து நார்த்லாண்டு வாடிக்கையாளரைப் பறித்ததுபோல், இன்னும் வெளியே எழுந்த வளாகங்கள் நார்த்லாண்டிடமிருந்து பறித்தன. பறித்த கையும் ஒரே கைதான்.

நூற்றாண்டின் இறுதியில் வளாகத்தின் மற்ற இரு பெருங்கடைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. 2001இல் ஹட்சன் என்ற பெயர்ப்பலகை இறங்கி மார்ஷல் ஃபீல்ட்ஸ் என்ற பெயர் ஏறியது. 2006இல் அதுவும் இறங்கி மேசிஸ் என்றாயிற்று. கட்டடம் அதே கட்டடம். உடையவர்தான் நிறுவன இணைப்புகளின் சதுரங்கத்தில் மாறிக்கொண்டே இருந்தார். 2008இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி கார்த் தொழிலை உலுக்கியது. இணையவழி வாணிபம் எஞ்சிய விற்பனையை அரித்தது. 2014இல் வளாகத்தின் கடன் தவணை தவறியது. நீதிமன்றம் அமர்த்திய பொறுப்பாளர் கைக்கு வளாகம் சென்றது. 2015 மார்ச்சில் மேசிஸ் கடை மூடப்பட்டது. அடுத்த சில வாரங்களில் வளாகம் முழுவதும் இருண்டது.

ஏன் வீழ்ந்தது?

மக்கள் போய்விட்டார்கள், அங்காடி வீழ்ந்தது என்று சொல்வது எளிது. ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2010இல் சவுத்ஃபீல்டின் மக்கள்தொகை 71,739, 2020இல் 76,618. அங்காடி திறந்து செழித்த நாளைவிட, அது மூடிய நாளில் அந்நகரில் ஆட்கள் மிகுதி. மக்கள் இருந்தனர், முதலீடு போயிற்று.

இணையத்தின்மேல் பழியைப் போடுவதும் முழு உண்மையன்று. நார்த்லாண்டின் நலிவு இணைய வாணிபம் வேரூன்றுமுன்பே தொடங்கிவிட்டது. மக்கள்தொகை ஏறாத ஒரு வட்டாரத்தில் வளாகங்கள் மட்டும் ஏறிக்கொண்டே போனால், ஒன்றின் வாழ்வு மற்றொன்றின் சாவாகத்தான் இருக்கும். குடியிருப்போர் நிறம் மாறியபோது பெருநிறுவனங்களின் மதிப்பீடும் மாறியது என்பதையும் மறைப்பதற்கில்லை. புதிய, பகட்டான வளாகங்கள் எந்தத் திசையில் எழுந்தன என்று நிலப்படத்தைப் பார்த்தாலே போதும்.

இவற்றினும் அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. தெரு எவருக்கும் சொந்தமன்று. வளாகம் ஒருவருக்குச் சொந்தம். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று இதனைத் தெளிவாக்கிற்று. போர்ட்லாந்து நகரின் லாயிட் வளாகத்தினுள் வியட்நாம் போரை எதிர்த்துத் துண்டறிக்கை வழங்கியவர்களை வளாகத்தார் தடுத்தனர். அது தனியார் இடம், தடுக்க உரிமை உண்டு என்று நீதிமன்றம் முடிவு கூறியது. பொதுவிடம்போல் தோற்றம்; தனியுடைமையே உண்மை. துண்டறிக்கை தருபவரை வெளியேற்றும் உரிமை உடையவருக்கு, கணக்கு ஒத்துவராத நாளில் ஓர் ஊரின் நடுவத்தையே பூட்டிவிடவும் உரிமை உண்டு. ஆயிரம் உரிமையாளர் கொண்ட கடைத்தெருவில் பத்துக் கடை மூடினால் பதினோராவது கடைக்காரர் விளக்கேற்றுவார். ஒரே உரிமையாளர் கொண்ட வளாகத்திலோ ஒரு கையெழுத்தில் எல்லா விளக்கும் அணையும்.

படைத்தவரின் மனக்கசப்பு

குரூயன் இவ்வீழ்ச்சியைக் காணும்வரை வாழவில்லை. ஆனால் தம் படைப்பு எதுவாக மாறியது என்பதைக் கண்டுவிட்டார். 1960களிலேயே நகர்நடுவங்களைக் காக்க வேண்டும் என்று எழுதத் தொடங்கினார். 1968இல் வியன்னா திரும்பினார். பிறந்த நகரின் பழம்பகுதியைக் காரின் பிடியிலிருந்து மீட்டு நடப்பவர்க்கு உரியதாக்கும் திட்டம் வரைந்தார். அவ்வழியில் சில தெருக்கள் 1970களில் நடைத்தெருக்களாயின. ஆனால் 1976இல் அதே வியன்னாவின் தெற்கு எல்லைக்கு வெளியே ஒரு மாபெரும் வணிக வளாகம் எழுந்தது. தப்பி ஓடியவரைத் தேடிக்கொண்டு அவர் படைப்பே கடல் கடந்து வந்ததுபோல் இருந்தது அது. 1978இல் இலண்டனில் ஆற்றிய உரையில், இன்றைய வளாகங்களுக்குத் தாம் தந்தையல்லர் என்று அவர் கைகழுவினார். 1980 பிப்ரவரி 14ஆம் நாள் மறைந்தார்.

அவர் கைகழுவியதை நாம் முழுவதும் ஏற்க வேண்டுவதில்லை. ஊர்நடுவத்தை ஒரு கடை முதலாளியின் இலாபக் கணக்கில் நட்டால் அது வேறென்னவாக வளரும் என்ற கேள்வியை அவர் தொடக்கத்திலேயே கேட்டிருக்கலாம். எனினும் அவர் நோக்கத்தின் தூய்மையை மறுப்பதற்கில்லை. தனித்துப்போன மனிதரை ஒன்றுகூட்ட வேண்டும் என்ற வேட்கையே அவரை இயக்கியது.

எஞ்சியது

மூடிய வளாகத்தைச் சவுத்ஃபீல்டு நகராட்சி 2015இல் 24 லட்சம் டாலருக்கு வாங்கியது. அறுபத்தோர் ஆண்டுகளுக்கு முன் கட்டச் செலவான தொகையில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட அது இல்லை. 2017இல் இடிக்கும் பணி தொடங்கியது. எனினும் எல்லாவற்றையும் இடிக்கவில்லை. நடுவே நின்ற ஹட்சன் கட்டடத்தை வைத்துக்கொண்டு அதில் வீடுகள் அமைக்கவும், சுற்றிலும் குடியிருப்புகளும் கடைகளும் தெருக்களும் கொண்ட பகுதியை உருவாக்கவும் திட்டம் வகுக்கப்பட்டது. கடையைச் சுற்றி வீடும் தெருவும் வேண்டும் என்று குரூயன் சொன்னது, கடை செத்தபின் நினைவுக்கு வந்திருக்கிறது. கரடியும் சிறுவனும் நகரப் பொதுநூலகத்தில் இடம் பெற்றனர். தனியுடைமையில் குழந்தைகளை மகிழ்வித்த சிற்பம் பொதுவுடைமைக்கு வந்து சேர்ந்தது, இவ்வரலாற்றில் நெஞ்சுக்கு ஆறுதல் தரும் ஒரு செய்தி.

உட்வர்டு தெருவில் ஹட்சன் தாய்க்கடை தகர்ந்த வெற்றிடத்தில் 2017இல் புதிய கோபுரம் ஒன்றிற்குப் பணி தொடங்கியது. தன் தலைமையகத்தை அங்கே மாற்றப்போவதாக 2024இல் அறிவித்த நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ். கார் வெறுமையாக்கிய இடத்திற்குக் கார் நிறுவனமே குடிவந்த விந்தையை என்னென்பது! 1950இல் பதினெட்டரை லட்சமாயிருந்த டிட்ராய்டின் மக்கள்தொகை 2020இல் 6,39,111. நடுநகர் மீள்கிறது, ஆனால் போனவர்கள் அனைவரும் மீளவில்லை.

நமக்குரிய பாடம்

இது தொலைதூர நாட்டின் கதைதானே என்று நாம் இருந்துவிட முடியாது. 1999இல் தில்லியில் அன்சல் பிளாசாவும் மும்பையில் கிராஸ்ரோட்ஸும் திறந்தபோது, புதுயுகம் பிறந்ததாக மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். இருபது ஆண்டுகள் நிறையுமுன்பே இரண்டும் ஒளி மங்கின. அவற்றினும் பெரியவை எழுந்ததே காரணம். ஆனால் தில்லியில் கரோல்பாக் கடைவீதியும் மும்பையில் மாட்டுங்காவின் கடைத்தெருவும் பல தலைமுறைகளைக் கண்டும் ஓயவில்லை. புகுந்த ஊரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். வாழையிலையும் பூச்சரமும் காப்பிப்பொடியும் வாங்கப் போன இடத்தில்தான் நம் முன்னோர் ஊர்க்காரரைக் கண்டனர், வாடகை வீடு பற்றி விசாரித்தனர், வரன் பேசினர், சங்கம் அமைக்கவும் எண்ணினர். மொழி தெரியாத ஊரில் அவர்களுக்கு முதற் பிடிப்பாக இருந்தது கடைத்தெருவே.

அத்தகைய கடைத்தெருவை எந்த நிறுவனமும் வரைபடத்தில் வரைந்து திறப்பு விழா நடத்தித் தந்துவிட இயலாது. ஆனால் சாலை அகலப்படுத்துவதற்காகவும், வளாகம் எழுப்புவதற்காகவும், நடைபாதைக் கடையை அகற்றுவதற்காகவும் அதனை ஒரே நாளில் அழித்துவிட இயலும். ஹேஸ்டிங்ஸ் தெரு அப்படித்தான் போயிற்று. நார்த்லாண்டு மூடப்பட்டபோது அதற்காகக் கண்ணீர் விட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கண்ணீர் மெய்யானது. அவர்களுடைய இளமை அந்தக் கூடங்களில் கழிந்தது. ஆயினும் அதனைக் காக்கும் உரிமை அவர்கள் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. தம் ஊரின் நடுவம் தம் கையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது, எந்த ஊரில் வாழ்வோர்க்கும், சிறப்பாகப் புதிதாக வந்து வேர் பிடிப்போர்க்கும், காலத்தே செய்ய வேண்டிய கடமையாகும்.